ஒசாகாவில் ஒரு மரப் பாதம்

ஒசாகாவின் நிப்போம்பாஷி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான் தேசிய புன்ராக்கு அரங்கம். 1984-ல் திறந்தது. வெளிநாட்டுப் பயணிகள் பலரும் பக்கத்திலிருக்கும் குரோமோன் சந்தையில் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். ஜூன் மாதம் போனால் நீங்கள் அப்படித் திரும்பிவிடாதீர்கள். புன்ராக்கு பொம்மை நாடகத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கென்றே அப்போது நிகழ்ச்சி உண்டு: முதலில் விளக்கம், அப்புறம் நாடகம்.

நான் போன அன்று எங்கு திரும்பினாலும் சீருடைப் பிள்ளைகள். மேடைக்கு வலப்பக்கம் தனி மேடையில் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவரும் 'தாயு' என்ற கதைசொல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். கிழவன், குழந்தை, காதலி என்று அத்தனை பேருக்கும் தாயு ஒருவரே குரல் கொடுப்பார். குரல் அடிவயிற்றிலிருந்து எழும்புவதற்காக மணல் நிரப்பிய சின்னப் பையை மடியில் செருகிக்கொள்கிறார்கள்.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலைமைக் கலைஞர் தலையையும் வலக்கையையும் பார்த்துக்கொள்வார், இரண்டாமவர் இடக்கை, மூன்றாமவர் கால். காலுக்குப் பத்து வருஷம், இடக்கைக்குப் பத்து வருஷம் என்பது அவர்கள் வழக்கு. கால்காரர் கறுப்பு முகமூடியோடு நாடகம் முழுக்கக் குனிந்தே நிற்கிறார். தலைமைக் கலைஞரின் இடுப்பை ஒட்டி நின்று, அந்த உடல் அசைவிலிருந்தே அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று புரிந்துகொள்கிறார். பிள்ளைகளில் மூன்று பேரை மேலே கூப்பிட்டுப் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோர் கண்ணும் கால்காரர் மேலேயே இருந்தது.

பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் காலே கிடையாது. கிமோனோ என்ற நீண்ட அங்கியின் கீழ் ஓரத்தை விரல்களால் அசைத்தே நடையைக் காட்டிவிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டதால்தான் அன்று நடந்த 'சொனேசாகி ஷின்ஜூ' நாடகத்தின் ஒரு கட்டம் எங்களை உலுக்கியது. நாடக ஆசிரியர் சிக்கமட்சு 1703-ல் எழுதிய, சேர்ந்து சாகும் காதலர்களின் கதை. சோயா சாஸ் கடைச் சிப்பந்தி டொகுபெய் திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். மேலே காதலி ஓஹட்சு. அவனை ஏமாற்றியவன் எதிரே உட்கார்ந்து அவனையே பழிக்கிறான். சாகத் துணிந்துவிட்டாயா என்று அவள் காலாலேயே கேட்கிறாள். கிமோனோவுக்கு அடியிலிருந்து ஒரு சிறிய வெள்ளைப் பாதம் வெளியே வருகிறது. டொகுபெய் அதைப் பிடித்துத் தன் கழுத்தின் குறுக்கே மெல்ல இழுக்கிறான். சலசலத்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை.

புதியவர்களுக்காக வசனத்தை இக்காலப் பேச்சுக்கு மாற்றவில்லை. பழைய மொழி காதுக்குப் பிடிபடாது என்பதால் ஜப்பானியர்களுக்கே மேடைக்கு மேல் எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்தும் முன்னால் கொடுத்த விளக்கமும் போதும். இந்த நாடகமே வெகுகாலம் மேடையேறாமல் கிடந்து, 1955-ல் புது இசையோடு மீண்டும் வந்ததுதான். அன்று அதைப் பார்த்தவர்களும் புதியவர்கள்தானே!

கலைஞர் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும் 1972 முதல் பயிற்சி வகுப்பு நடக்கிறது. இன்றைய கலைஞர்களில் பலர் அதில் படித்து வந்தவர்கள். ஆனால் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். இன்னொரு நாள் கையிலிருந்தால் அவாஜி தீவின் ஃபுகுரா துறைமுகத்துக்குப் போய் அங்குள்ள பொம்மை அரங்கையும் பாருங்கள். அதே மூவர் முறைதான், பெண்களும் ஆட்டுகிறார்கள், நன்றாகவே ஆட்டுகிறார்கள். புதிய பார்வையாளர்களை இவ்வளவு அக்கறையோடு வரவேற்கும் ஒசாகா, பயிற்சி வகுப்பிலும் பெண்களைச் சேர்க்க வேண்டும்.