மீன் ஏலமும் பத்து மார்க் கேள்வியும்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் பாடம் எடுக்கிறேன். இன்டர்னல் 25, செமஸ்டர் 75. அந்த 75-ஐ மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு நேரடித் தேர்வு திரும்பிய முதல் செமஸ்டரில், பாதி ஹால் பேனாவை வைத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டிருந்தது. எழுதும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

அதற்கு முன் வீட்டிலிருந்து எழுதி, செல்போனில் படம் பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிய காலம். எல்லோருக்கும் நல்ல மார்க். புத்தகம் பக்கத்திலேயே திறந்திருந்தது எனக்கும் தெரியும். ஆனால் நெட் கிடைக்காமல் மொட்டை மாடிக்கு ஓடி, "பேப்பர் வந்துச்சா மேடம்?" என்று போனில் அழுததும் அதே பிள்ளைகள்தான். அதை 'ஜாலி எக்ஸாம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் காசிமேட்டுப் பையன் ஒருவன். விடியற்காலை மீன் ஏலத்தில் மாமாவோடு நின்றுவிட்டு வகுப்புக்கு வருவான். முதல் பெஞ்சிலேயே தூங்குவான். மாடல் எக்ஸாமில் அங்காடிக் கால விலை நிர்ணயம், அதாவது சரக்கைக் கூட்ட நேரமில்லாத மிகக் குறுகிய காலத்தில் விலை எப்படி அமைகிறது என்பது, பத்து மார்க் கேள்வி. இரண்டு கோடு இழுத்து, அதையும் அடித்து வைத்திருந்தான். இத்தனைக்கும் ஆங்கிலப் பொருளியலாளர் மார்ஷல் 1890-லேயே இதற்குச் சொன்ன உதாரணம் மீன்தான். வந்த சரக்கு வந்ததுதான், அன்றைக்கு அளிப்பை (சப்ளையை) கூட்ட முடியாது. தேவைதான் விலையை ஏற்றும், இறக்கும்.

பேப்பரைக் கொடுக்கும்போது, "ஏலத்துல சங்கரா மீன் எப்படிப்பா போகுது?" என்று கேட்டேன்.

"லாஞ்சு நெறைய வந்துச்சுன்னா விலை படுத்துரும் மேடம். ஐஸ் போட்டு வெக்கிறவன் கொஞ்சம் தாங்குவான். மத்தவன் வெயில் ஏர்றதுக்குள்ள வந்த விலைக்குத் தள்ளிட வேண்டியதுதான்."

"இதத்தானே கேட்டிருக்கு?"

கேள்வித்தாளை மறுபடி படித்தான். "இதுவா மேடம் அது?"

செமஸ்டர் என் கையில் இல்லை. இன்டர்னலில்தான் கொஞ்சம் விளையாட முடியும். ஒரே பெரிய டெஸ்ட்டை உடைத்து, வாரம் பத்து நிமிடம், புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னேன். ரோடிகர், கார்பிகி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: படித்ததை ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள்; ஒரு வாரம் கழித்துக் கேட்டால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். என் வகுப்பு முதல் மாதம், "வாராவாரம் எக்ஸாமா மேடம்?" என்று முனகியது. மார்க் சொற்பம் என்று தெரிந்ததும் முனகல் அடங்கியது.

கூடவே வாய்மொழித் தேர்வும் வைத்தேன். காசிமேட்டுப் பையன் பொளந்து கட்டினான். ஆனால் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் பெண் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "எழுதிக் குடுத்துடவா மேடம்?" என்றாள். சரி என்று தாளை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள், "அப்போ எங்களுக்கும்?" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

செமஸ்டரில் அவனுக்கு 75-க்கு 31. மீன் கேள்வி வரவில்லை.