லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தில் ஒரு திங்கட்கிழமை ஜெபம்

தரங்கம்பாடி லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த கிறிஸ்தவ) குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு லைப்சிக் என்ற ஜெர்மன் ஊரின் பெயர் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். லைப்சிக் மிஷன் கட்டிய பள்ளிக்கூடம், லைப்சிக் மிஷன் காலத்து ஆலயம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்த கார்ல் கிரவுல் அந்த மிஷனின் இயக்குநராக இருந்தவர். அதனால் ஜெர்மனிக்குப் போக வாய்த்தபோது அந்த ஊரை விட மனசு வரவில்லை.

எல்லோரும் தாமஸ் ஆலயத்தில் இருக்கும் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் கல்லறையைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ஆனால் நான் நாள் பார்த்து வண்டி ஏறியது நிக்கோலாய் ஆலயத்துக்காக. அங்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை 5 மணிக்குச் சமாதான ஜெபம் நடக்கிறது. 1982 முதல் நடந்துவருகிற ஜெபம் அது.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான கல் கட்டடம்தான். உள்ளே போனால் வேறு உலகம். வெள்ளைத் தூண்கள் மேலே போய்ப் பனை ஓலைகளாக விரிகின்றன, இளம் பச்சை நிறத்தில். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இப்படி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பாக்கின் யோவான் பாடுகள் இசை 1724-ல் பெரிய வெள்ளியன்று முதன்முதலாக ஒலித்ததும் இந்த ஆலயத்தில்தான்.

லைப்சிக் அடங்கிய கிழக்கு ஜெர்மனி ஒரு தனி நாடாக, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த காலம். 'பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள்' என்ற, வேதாகமத்தில் மீகா தீர்க்கதரிசி சொன்ன வசனத்தைப் பொறித்த சின்னத்தை இளைஞர்கள் சட்டைக் கையில் தைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அச்சடிக்க அரசின் அனுமதி வேண்டும், துணியில் அச்சடிக்க வேண்டாம். அதனால் துணியில் அடித்தார்கள். அதிலிருந்த படமோ, சோவியத் யூனியன் ஐ.நா. சபைக்குப் பரிசாகக் கொடுத்த சிலையின் படம். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் போலீஸ் பிடித்துப் பிய்த்தது. இந்தக் கெடுபிடிகளுக்கு நடுவில் தொடங்கியதுதான் திங்கட்கிழமை ஜெபம். பல வாரங்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் வந்தார்கள். கிறிஸ்டியான் ஃபியூரர் என்ற போதகரும் மற்றவர்களும் அதை நிறுத்தவில்லை.

நான் வளர்ந்த சபையில் ரோமர் 13 அடிக்கடி வாசிக்கப்படும். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்.' லுத்தரன் மரபில் இந்த வசனத்துக்குக் கனம் அதிகம். ஆனால் அதே மரபில் வந்த சீகன்பால்குவை, டென்மார்க் அரசர் அனுப்பிய அந்த மிஷனரியை, தரங்கம்பாடியிலிருந்த டென்மார்க் அதிகாரியே சிறையில் வைத்தார் என்பதும் எங்கள் சபை வரலாறுதான். அந்த இரண்டாவது கதையைப் பிரசங்க பீடத்திலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

லைப்சிக்கிலும் சபை ஒரே மனதாக இருந்துவிடவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். 1988-ல் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டுக் காத்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஜெபத்துக்கு வர ஆரம்பித்தார்கள். இவர்கள் ஜெபிக்கவா வருகிறார்கள் என்று சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஜெபத்தை நடத்திவந்த சமாதானக் குழுக்களிடமிருந்து அந்தப் பொறுப்பைச் சபைத் தலைமை பிடுங்கிக்கொண்டது. அந்தக் குழுக்கள் ஆலயத்துக்கு வெளியே முற்றத்தில் நின்று பேசின. மாதக்கணக்கில் இழுபறி. அப்புறம் சமரசம். ஆலயக் கதவு மட்டும் யாருக்கும் மூடப்படவில்லை. 'அனைவருக்கும் திறந்திருக்கிறது' என்று அங்கே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வாக்கியத்தின் சோதனை 1989 அக்டோபர் 9. இரண்டு நாள் முன்புதான் அந்த நாட்டின் 40-ஆம் ஆண்டு விழாவன்று போலீஸ் மக்களைக் கண்மூடித்தனமாக அடித்துக் கைது செய்திருந்தது. அந்தத் திங்களன்று ஆளும் கட்சி தன் ஆட்கள் சுமார் 600 பேரை மத்தியானமே ஆலயத்துக்குள் அனுப்பி உட்காரவைத்தது. ஃபியூரர் அவர்களை வரவேற்றார். மாடங்களை மட்டும் பூட்டி வைத்தார், வேலை முடிந்து சாயங்காலம் வருகிறவர்களுக்கும் இடம் வேண்டுமே என்று. கட்சிக்காரர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து, 'சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்பதையும், வன்முறை வேண்டாம் என்று இசை நடத்துநர் குர்ட் மாசூர் உள்ளிட்ட ஆறு பேர் விடுத்த வேண்டுகோளையும் கேட்டார்கள். அந்த ஆறு பேரில் மூவர் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். வெளியே ஆயிரக்கணக்கில் ஆயுதப் படை.

ஜெபம் முடிந்து கதவு திறந்தபோது முற்றம் முழுக்க ஜனம், கையில் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி அணையாமல் பொத்திப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கல் எடுக்கக் கை இருக்காது என்று ஃபியூரர் பின்னாளில் சொல்வார். ஆட்சியை எதிர்த்து அன்றைக்கு ஊர்வலம் போனவர்கள் சுமார் 70,000 பேர். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்தது.

இது ஜெபத்தினால் மட்டும் நடந்தது என்று சொன்னால் வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சோவியத் யூனியனில் கோர்பச்சேவ் தலைவராக இருந்தார், ஹங்கேரி எல்லை திறந்திருந்தது, கிழக்கு ஜெர்மனி கடனில் மூழ்கியிருந்தது. ஆனால் எழுபதாயிரம் பேர் அடிக்காமல் நடந்தார்களே, அதை எந்தப் பொருளாதாரக் கணக்கில் சேர்ப்பது?

ஜெபத்துக்கு நேரம் இருந்ததால் பக்கத்திலிருக்கும் அகுஸ்டஸ் சதுக்கம் வரை நடந்தேன். அங்கே இருந்த பழைய பல்கலைக்கழக ஆலயத்தை 1968 மே 30 அன்று அரசே வெடி வைத்துத் தகர்த்தது. கார்ல் மார்க்ஸ் சதுக்கம் என்று அப்போது பெயர். 1989-ல் ஊர்வலக் கூட்டம் திரண்டதும் அதே இடத்தில்தான். இன்று அங்கே ஆலய வடிவில் கண்ணாடி மின்னும் புதிய பல்கலைக்கழகக் கட்டடம் நிற்கிறது.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. பெரிய கூட்டமில்லை, முன் வரிசைகள் ஓரளவு நிறைந்திருந்தன. ஒரு பாட்டு, வேதவாசிப்பு, அகதிகளோடு வேலை செய்யும் ஒரு குழுவினரின் பேச்சு, ஜெபம், ஆசீர்வாதம். யாரையும் தூக்கிவைத்தும் பேசவில்லை, தாக்கியும் பேசவில்லை என்று பக்கத்திலிருந்தவர் ஆங்கிலத்தில் சொன்னார். என் ஜெர்மன் கடைக்குப் போய்வர மட்டுமே போதும். பரமண்டல ஜெபம் வந்தபோது மட்டும் நான் தமிழில் சேர்ந்துகொண்டேன்.

நம் ஊரில் சபைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் சால்வையோடு முடிந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் விழா மேடையில் வேட்பாளர் கேக் வெட்டுவார், ஆயருக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. கேட்டால் 'நமக்கு அரசியல் வேண்டாம்' என்பார்கள். நிக்கோலாயில் மேடையே இல்லை. யார் ஆண்டாலும் வாரம் தவறாமல் கதவைத் திறந்துவைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஊழியத்துக்குப் பெயர் அரசியலா ஆராதனையா என்று அவர்கள் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கதையும் அங்கே முடிந்துபோகவில்லை. 2015-ல் குடியேறிகளை எதிர்க்கும் கூட்டம் ஒன்று அதே லைப்சிக் தெருக்களில், அதே திங்கட்கிழமைகளில், 'நாங்களே மக்கள்' என்ற அதே 1989 முழக்கத்தோடு ஊர்வலம் போனது.

போக நினைப்பவர்களுக்கு: பிரதான ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஜெபத்துக்குக் கட்டணம் கிடையாது. கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருங்கள், தமிழ் வேதாகமத்தைக் கையோடு எடுத்துப்போங்கள். வாசிப்பின் அதிகார எண்ணைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் காட்டுவார்கள்.