இருட்டுல போடுங்க தம்பி

கொழும்பு வெள்ளவத்தையில் 101 ஆம் இலக்க பஸ் ஏறினால் மொறட்டுவை வரை காலி வீதிதான், சொல்ல ஒன்றுமில்லை. இறங்கி உள்ளே திரும்பியதும் தச்சுப் பட்டறைகளின் மரத்தூள் வாசம் வரும். அந்த வாசம் வந்தாலே எனக்குக் கை துருதுருக்கும். அடுத்தது பொல்கொடை ஏரி.

வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று இரண்டு ஏரிகள். இடையில் ஓர் ஆறு இரண்டையும் சேர்க்கிறது. பாணந்துறையில் போய்க் கடலில் விழுகிறது. அந்த வாசல் திறந்திருப்பதால்தான் இவ்வளவு உள்ளே நின்று கொடுவா மீனுக்குத் தூண்டில் போடலாம். கழிமுகத்து உப்புநீரில் பிறக்கும் குஞ்சுகள் ஆறு, ஏரி என்று ஏறி வந்து வளரும். முட்டையிட மறுபடி கீழே இறங்கும். சிங்களத்தில் மோதா என்பார்கள்.

போன தடவை நானும் மச்சானும் லீவு கிடைத்ததென்று போயா தினத்தில், பௌர்ணமி அன்று, போனோம். நிலா ஏரி முழுக்கக் காய்ந்தது. எங்கும் ஒரே வெளிச்சம், மீன் விளக்கடியில் வந்து சேர வேண்டிய அவசியமே இல்லை. விடியும்வரை ஒரு கடிகூட இல்லை. இந்த முறை கலண்டரில் அமாவாசை பார்த்துத்தான் கிளம்பினோம்.

தெரிந்தவர் ஒருவரின் தங்குமிடம் அது. மரப்பலகை ஜெட்டி, நுனியில் ஒற்றை விளக்கு. காவலுக்கு இருக்கும் அண்ணன் ஹட்டன் பக்கத்தவர். பிளேன்டீயும் கையுமாக வந்து, நான் விளக்கின் நேர் கீழே எறிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லைட்டுக்குள்ள போடாதீங்க தம்பி. இருட்டுல போட்டு வெளிச்சத்துக்கு இழுங்க. அது நெழல்லதான் நிக்கும்."

தடியை வைத்துவிட்டுப் பலகையில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தேன். முதலில் பூச்சிகள்தான் தெரிந்தன. அப்புறம் தூணை ஒட்டிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்: இறாலின் கண்கள், விளக்குப் பட்டுத் தணல் மாதிரி மின்னின. அவற்றுக்கு மேலே விரல் நீளக் குஞ்சுமீன்கள் வட்டமடித்தன. வெளிச்சம் முடிந்து கறுப்பு தொடங்கும் கோட்டில் மட்டும் எதுவுமே இல்லை. ஒரு குஞ்சு அந்தப் பக்கம் தவறிப் போனது. "டுப்" என்று ஒரு சத்தம், ஒரு சுழி, அவ்வளவுதான்.

விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்கும் நுண்ணுயிருக்கும் குஞ்சு, குஞ்சுக்குக் கொடுவா. இருட்டில் நிற்பதற்கு வெளிச்சத்தில் இருப்பது எல்லாம் தெரியும். வெளிச்சத்தில் இருப்பதற்கு இருட்டில் நிற்பது தெரியாது. இத்தனை வருஷம் தூண்டில் போட்டும், வெளிச்சத்தின் ஓரத்தை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

ரப்பர் மீனை இருட்டுக்குள் எறிந்து, மூன்று எண்ணி, மெதுவாக இழுத்தேன். கோட்டைத் தாண்டும் இடத்தில் அடித்தது. ஒரே ஓட்டம், ஜெட்டித் தூணைச் சுற்றித் தங்கூசி, அதாவது தூண்டில் நூல், அறுந்துபோனது. நெஞ்சு படபடத்தது இன்னும் நினைவிருக்கிறது. மச்சான் ஒன்றும் பேசாமல் தடித்த தங்கூசியை எடுத்து நீட்டினான்.

பதினொரு மணிக்குப் பிறகு இரண்டாவது அடித்தது. இந்த முறை தடியைத் தண்ணீரோடு சாய்த்துப் பக்கவாட்டில் இழுத்துத் தூணிலிருந்து விலக்கினேன். இரண்டு தரம் எம்பித் தலையை உதறியது. வலைக்குள் வந்ததும் டோர்ச் அடித்தோம். கண் இரண்டும் சிவப்பாக எரிந்தது. முதுகு கருமை, விலா வெள்ளி, வால் வட்டம். செவுள் மூடியின் ஓரம் கத்தி போல வெட்டும், அதனால் ஈரத் துணியால்தான் வாயைப் பிடித்தேன். பலகையில் கிடத்திச் சாண் போட்டால் நாலுக்குக் கொஞ்சம் மேலே.

அண்ணன் குழம்பு வைத்துத் தரவா என்று கேட்டார். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பெருத்த பின்னால்தான் பெண்ணாக மாறும். இந்த அளவு மீன் ஒன்று போனால் போவது எத்தனை இலட்சம் முட்டை! விட்டுவிடுவோம் அண்ணே என்றேன். அவர் மறுக்கவில்லை, டோர்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டார். இந்த ஏரியில் முதலையும் உண்டு, அதனால் தண்ணீருக்குள் இறங்காமல் படிக்கட்டில் குந்தி, வாலடியைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்தினேன். செவுள் மூடித் திறந்தது, மூடித் திறந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். சட்டென்று வால் என் மணிக்கட்டில் அடித்தது.

அதற்குப் பிறகு விடியும்வரை இன்னும் மூன்று முறை அந்தக் கோட்டில் "டுப்" கேட்டது. நாங்கள் எறியவில்லை. அண்ணன் கொண்டுவந்த இரண்டாவது பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.