வளைந்த கால்: மூன்று முடிந்தது, ஒன்று பாக்கி

டீப்பாய்க்குக் கால் செதுக்க ஆரம்பித்து ஆறு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டது. நேரான காலாக இருந்தால் எப்போதோ இழைத்து நிறுத்தியிருப்பேன். நான் ஆசைப்பட்டதோ, பழைய பங்களா நாற்காலிகளில் வருமே, மேலே முட்டி போலப் புடைத்து, கணுக்காலில் மெலிந்து, கீழே பாதமாக விரியும் கால். கேப்ரியோல் என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பரவலான வடிவம்.

இடித்த வீட்டு உத்திரத் தேக்கு. 2¾ அங்குலச் சதுரம், 17 அங்குல நீளத்தில் நான்கு கட்டைகள். சட்டம் நுழையும் துளைகளை முதலிலேயே உளியால் எடுத்துவிட்டேன். வளைத்த பிறகு மூலைமட்டம் வைக்க இடம் கிடைக்காது.

பிளைவுட் அச்சை வைத்து, அடுத்தடுத்த இரண்டு முகங்களில், முட்டிகள் ஒரே மூலையைப் பார்க்கும்படி வரைந்தேன். முதல் முகத்தை வில் ரம்பத்தால் அறுத்ததும் விழுகிற துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முகத்தின் கோடு அதில்தான் இருக்கிறது. டேப் போட்டு அதே இடத்தில் ஒட்டிவிட்டு மறுபக்கம் அறுக்க வேண்டும். இரண்டாவது காலில் ரம்பம் கிறீச்சென்றது. உள்ளே முறிந்து கிடந்த பழைய ஆணி. அன்றைக்கு அத்தோடு வேலை முடிந்தது.

அறுத்த கால் இன்னும் நாலு பட்டையாகத்தான் இருக்கும். ஸ்போக்‌ஷேவ் என்று, இரு பக்கமும் கைப்பிடி வைத்த குட்டி இழைப்புளி. அதில்தான் மூலைகளைச் சீவி எட்டுப் பட்டை ஆக்கினேன். முதல் காலில் முட்டியிலிருந்து கணுக்கால் வரை சுருள் சுருளாக வந்தது. அதே ஜோரில் பாதத்தை நோக்கி ஏற்றினேன். படக்கென்று ஒரு சில்லு பெயர்ந்தது. பள்ளத்துக்கு இரு பக்கமிருந்தும் இறங்கித்தான் வர வேண்டும். ஏறினால் அலகு ரேகைக்குள் புகுந்து பிளந்துவிடும். படித்துத் தெரிந்ததுதான், கைக்கு அப்போதுதான் தெரிந்தது. சில்லு போன ஆழத்துக்கு அந்தக் கணுக்காலை மெலிய வைத்தேன். அப்புறம் என்ன, மற்ற கால்களும் அதே அளவுக்கு இளைக்க வேண்டியதாயிற்று. பார்க்க இதுவே நன்றாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

தேக்கு அலகை வெகு சீக்கிரம் மழுக்கிவிடுகிறது. அதில் மணல் சத்து உண்டு. அரை மணிக்கு ஒரு தரம் சாணைக்கல்லுக்குப் போனேன்.

எட்டுப் பட்டையை உருட்ட மர அரம். அரம் போட்ட கோடுகளை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தது தப்பு. 80 நம்பர் தாளில் அரை மணி நேரம் தேய்த்தும் மேடு மேடாகவே இருந்தது, பளபளப்பான மேடு. கண்ணாடிச் சில்லால் சுரண்டுவது பழைய தச்சர்கள் வழக்கம். தோல் கையுறை மாட்டிக்கொண்டு அதைச் செய்து பார்த்தேன். பள்ளத்துக்கு அதைவிடத் தோதானது எதுவும் இல்லை. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மிச்ச மேடுகள் நிழலாகத் தெரியும். அதற்கும் தப்பியதை, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் உருவினால் பிடித்துவிடலாம். கடைசியாக ஈரத் துணியால் துடைத்து, எழும்பிய நார் காய்ந்ததும் 180 நம்பர் தாளில் ஒரு ஓட்டம்.

நாலாவது கட்டை கோடு போட்டபடி சுவரோரம் நிற்கிறது. நேற்று காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். முட்டிக்குக் கீழே, சரியாக ரம்பம் போகிற கோட்டில், லேசாக இழுத்தது.