மூன்று இதயம் தேடிய பிள்ளை

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. ஆனாலும் அது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

குளச்சல் பக்கத்துப் பிள்ளை, பயாலஜி குரூப். அம்மா மீன் விற்கிறவர். கணவாய்க்கு ஏன் ரத்தம் சிவப்பாக இல்லை என்று வகுப்பில் கேட்டாள். நம் ரத்தத்தில் இரும்பு, அதன் ரத்தத்தில் தாமிரம், அதற்குப் பெயர் ஹீமோசயனின் என்று சொன்னேன். போகிறபோக்கில், அதற்கு மூன்று இதயம் என்றும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் பையில் கணவாயோடு லேபுக்கு வந்துவிட்டாள். மைப்பை உடையாமல் அவள் நீளவாக்கில் கீறிய லாவகம் எனக்கு எம்.எஸ்சி.யில்கூட வந்ததில்லை. வீட்டில் தினமும் செய்கிற வேலைதானே. இரண்டு செவுள்களின் அடியிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மூன்றையும் ஊசிமுனையால் தொட்டுக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "சாரே, இதையே பாத்துக்கிட்டு இருக்கப்பட்ட வேலை ஏதாவது உண்டுமா?"

"உண்டு. முதல்ல நீட் எழுது."

வேறு என்ன சொல்ல? தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நீட் இல்லாமலே சேரலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆராய்ச்சி வழியும் தெரியும். பி.எஸ்சி. 3 வருடம், எம்.எஸ்சி. 2 வருடம், அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. கிடைக்காவிட்டால்? என்னோடு விலங்கியல் படித்தவர்களில் பாதிப்பேர் மருந்துக் கம்பெனி ரெப்பாக அலைகிறார்கள். அப்பா ஆழ்கடலுக்குப் போகிற, கீழே தம்பி தங்கை உள்ள வீட்டுப் பிள்ளையிடம் அந்த வழியைக் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளே முடிவு செய்திருக்கலாமே என்றும் தோன்றும். பதினாறு வயதில் எதை வைத்து முடிவு செய்வாள் என்றும் தோன்றும்.

நீட்டில் 720க்கு 360 மதிப்பெண் உயிரியலுக்கு. அதில் நன்றாகத்தான் வாங்கினாள், பிசிக்ஸ் காலை வாரிவிட்டது. நர்சிங் சேர்ந்தாள். இப்போது வளைகுடாவில் வேலை, ஊரில் வீடு கான்கிரீட் ஆகிவிட்டது. "நீங்க சொன்னதுனாலதான் சாரே" என்று அவள் அம்மா என் பையில் மீனைப் போட்டுவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். திட்டியிருந்தால் பதில் வைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நர்சிங்கும் உயிரியல்தானே என்கிறார் சக ஆசிரியர். சரிதான். ஆனால் அவள் கேட்டது அந்த வேலையை அல்ல.

இந்த வருடப் பெற்றோர் கூட்டத்தில் மீன்வளப் படிப்பைப் பற்றி விரிவாகவே பேசினேன். முடிந்ததும் ஒருவர் எழுந்தார். "அப்ப நீட் எழுதாண்டாமா சார்?"

"அதையும் எழுதட்டும்" என்றேன்.