அப்படியெல்லாம் ஆகாதும்மா

"முடி கூடிடாதேக்கா?" என்று அந்தப் பெண் கேட்டது, முகத்து முடியை லேசரில் எடுக்க வந்த முதல் சிட்டிங்கில். ஜெல் தடவிக்கொண்டே "அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்றேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பொய் சொல்லவில்லை. சிவந்து வீங்கும், ஓரிரு நாளில் அடங்கிவிடும், நம் நிறத்துக்குக் கருந்திட்டு விழலாம், சன்ஸ்கிரீனை விடக்கூடாது என்றெல்லாம் சொன்னேன். லேசர் போட்ட இடத்திலோ அதை ஒட்டியோ அபூர்வமாக முடி கூடுவதும் உண்டு என்று பயிற்சியில் படித்திருந்தேன். படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை.

நான்காவது சிட்டிங்குக்கு வந்தவள் தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். "இங்கே முன்னாடி இல்லைக்கா." விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். லேசர் போட்ட இடத்தில் நன்றாகவே குறைந்திருந்தது. அதை ஒட்டி, வெறும் பூனைமுடி இருந்த கழுத்தோரத்தில் கறுப்பாக, தடிப்பாக முளைத்திருந்தது.

"நடுவில் த்ரெட்டிங் ஏதாவது பண்ணினியாம்மா?"

"இல்லைக்கா. நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க."

ஏன் அப்படிக் கேட்டேன்? கேட்க வேண்டிய கேள்விதான், எல்லாரிடமும் கேட்பதுதான். ஆனால் அன்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. தப்பு அவள் பக்கம் இருந்துவிடாதா என்று கேட்டேன்.

வேரை அழிக்கப் போதாத சூடு, தூங்குகிற வேர்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் காரணம். முகம், கழுத்து, மாநிறம், பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் வாய்ப்பு அதிகம். எல்லாமே அவளுக்கு இருந்தது. கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு என்றுதான் என்டி யாக் என்கிற லேசர் வகையைப் போட்டோம். புண்ணாகிவிடக் கூடாதே என்று சக்தியையும் குறைத்தே வைத்தேன். அந்த ஜாக்கிரதைதான் வினையாகிவிட்டதோ? ஒப்புதல் ஃபார்மில் முடி கூடலாம் என்பதும் ஒரு வரியாக இருக்கிறது, ஆங்கிலத்தில். அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "இங்கே, அப்புறம் இங்கே" என்று இடம் காட்டியது நான்தான்.

ஓரத்தையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் குறைந்துவிடும் என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினாள். அடுத்த தேதிக்கு வரவில்லை.

இப்போது எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, "யோசிச்சிட்டு வரேன்க்கா" என்று பையை எடுத்துக்கொண்டாள். தாடையில் சவரம் செய்த தடம் தெரிந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கிறாள் போல. தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டேனோ என்று அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.