லக்ஸ் கீழே, பிடிஆர்எஃப்எஸ் மேலே: அடுக்கும் வரிசை தப்பினால் என்ன ஆகும்

லினக்ஸில் இரண்டு டிஸ்க், ரெய்டு-1 (ஒரே டேட்டாவின் பிரதி இரண்டு டிஸ்க்கிலும்), முழுக் குறியாக்கம், மேலே பிடிஆர்எஃப்எஸ் (Btrfs, டேட்டா கெட்டதா என்று தானே சரிபார்க்கும் ஃபைல் சிஸ்டம்). பலர் இதை எப்படிக் கட்டுகிறார்கள் என்றால், முதலில் எம்டி ரெய்டு (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு), அதன்மேல் ஒரே ஒரு லக்ஸ் (LUKS, டிஸ்க் குறியாக்க அடுக்கு), அதன்மேல் ஃபைல் சிஸ்டம். பாஸ்ஃபிரேஸ் ஒருமுறை போட்டால் போதும், பார்க்கவும் கச்சிதமாக இருக்கும். ஆனால் பிடிஆர்எஃப்எஸ் எதற்காகப் போடுகிறோமோ அந்தப் பலன் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது.

ஒரு டிஸ்க்கில் ஒரு பிளாக் சத்தமில்லாமல் கெட்டுவிட்டது, டிஸ்க்கும் எர்ரர் எதுவும் காட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். எம்டி ரெய்டு இரண்டு பிரதிகளில் ஏதோ ஒன்றைப் படித்துக் கொடுக்கும். எது நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. கெட்ட பிரதி வந்தால் லக்ஸ் அதையும் அப்படியே அவிழ்த்துத் தரும். வழக்கமான ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் குறியாக்க முறையில் சரிபார்ப்பே கிடையாது. ஒரு பிட் மாறினால் அந்த 16 பைட் துண்டு முழுவதும் குப்பையாகும், அவ்வளவுதான். கடைசியில் பிடிஆர்எஃப்எஸ், செக்சம் (எழுதும்போது கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று பிடித்துவிடும். பிடித்து என்ன பயன்? அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரே டிஸ்க். நல்ல பிரதி பக்கத்து டிஸ்க்கிலேயே இருந்தாலும் அதைக் கேட்டு வாங்க வழியில்லை. ஃபைலைத் திறந்தால் இன்புட்/அவுட்புட் எர்ரர்தான் வரும்.

ஆகவே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி லக்ஸ் போடுங்கள். இரண்டையும் திறந்து, கிடைக்கும் இரண்டு மேப்பர் சாதனங்களையும் (குறியாக்கம் அவிழ்ந்த நிலையில் டிஸ்க் தெரியும் பெயர்கள்) சேர்த்து, டேட்டா, மெட்டாடேட்டா இரண்டுக்கும் ரெய்டு-1 கொடுத்து பிடிஆர்எஃப்எஸ் உருவாக்குங்கள். இப்போது செக்சம் தப்பினால் அது இன்னொரு டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கொடுக்கும், கெட்டதையும் சரிசெய்துவிடும். எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் இருமுறை குறியாக்கம் ஆவதுதான் இதற்கான விலை. ஏஇஎஸ் கட்டளைகள் உள்ள பிராசஸரில் அது பெரும்பாலும் தெரியாது. சந்தேகம் இருந்தால் லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப்பின் பெஞ்ச்மார்க் ஓட்டி, வரும் வேகத்தை டிஸ்க்கின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபார்மேட் செய்யும்போது லக்ஸ்2 வகை, 512 பிட் சாவி, 4096 பைட் செக்டர். எக்ஸ்டிஎஸ் சாவியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும், ஆகவே 512 என்பது ஏஇஎஸ்-256தான். செக்டர் அளவைப் பிறகு மாற்றுவது எளிதல்ல, முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்த படியில்தான் கை தவறும். மேப்பர் சாதனத்துக்குப் பதிலாகப் பார்ட்டிஷனின் பெயரையே கொடுத்து எம்கேஎஃப்எஸ் (ஃபைல் சிஸ்டம் உருவாக்கும் கட்டளை) ஓட்டிவிட்டால் டேட்டா போயிற்று. லக்ஸ்2 ஹெடரின் இரண்டு பிரதிகளும் வழக்கமான அமைப்பில் முதல் 32 கிபிபைட்டுக்குள் அடங்கும். அதையடுத்துச் சாவி ஸ்லாட்டுகள் (பாஸ்ஃபிரேஸால் பூட்டிய சாவி இருக்கும் இடங்கள்) தொடங்கும். பிடிஆர்எஃப்எஸ் தன் சூப்பர்பிளாக்கை (ஃபைல் சிஸ்டத்தின் தலைமைப் பதிவு) எழுதுவது 64ஆவது கிபிபைட்டில், அதாவது முதல் ஸ்லாட்டுக்குள்ளேயே. எஸ்எஸ்டியாக இருந்தால் எம்கேஎஃப்எஸ் முதலில் பார்ட்டிஷன் முழுவதையும் டிஸ்கார்ட் செய்துவிடும் (காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும்), ஹெடர் பேக்கப் இருந்தாலும் பயனில்லை. ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று அது மறுத்தால், ஃபோர்ஸ் போடுமுன் சாதனப் பெயரை இன்னொருமுறை படியுங்கள்.

ஹெடர் பேக்கப் கட்டாயம், இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியாக. வழக்கமாக 16 மெபிபைட் ஃபைல்தான். அதை இதே டிஸ்க்குகளுக்குள் வைக்காதீர்கள். பாஸ்ஃபிரேஸ் மாற்றினால் பழைய பேக்கப்பை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய ஹெடர் பழைய பாஸ்ஃபிரேஸுக்கு எப்போதும் திறக்கும்.

பூட் பக்கம் இரண்டு சிக்கல்கள். பாஸ்ஃபிரேஸிலிருந்து சாவி உருவாக்க லக்ஸ்2 இயல்பாகப் பயன்படுத்தும் முறை ஆர்கான்2ஐடி. பூட்லோடரான கிரப்பின் 2.06, 2.12 பதிப்புகள் லக்ஸ்2 படித்தாலும், பழைய முறையான பிபிகேடிஎஃப்2 மட்டுமே அறியும். பூட் பகுதியைக் குறியாக்கம் இல்லாமல் தனியே வைப்பது எளிய வழி. அடுத்தது, இரண்டு லக்ஸும் திறந்த பிறகுதான் மவுண்ட் ஆகும். சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) வழியாகத் திறந்தால் முதலில் கொடுத்த பாஸ்ஃபிரேஸையே அடுத்த டிஸ்க்குக்கும் முயன்று பார்க்கும், ஆகவே இரண்டுக்கும் ஒரே பாஸ்ஃபிரேஸ் வையுங்கள். ஆர்ச் லினக்ஸின் பழைய என்கிரிப்ட் ஹுக் (பூட்டின்போது ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) ஒரு டிஸ்க்கை மட்டுமே திறக்கும், அங்கே எஸ்டி-என்கிரிப்ட் வேண்டும்.

ஒரு டிஸ்க் செத்தால்: புது டிஸ்க்கில் லக்ஸ் போட்டுத் திறந்து, மிச்சமுள்ளதை டிகிரேடட் ஆக (ஒரு டிஸ்க் குறைந்த நிலையில்) மவுண்ட் செய்து, பிடிஆர்எஃப்எஸ் ரீப்ளேஸ் ஓட்டவும். டிகிரேடட் நிலையில் எழுதியவை ஒற்றைப் பிரதியாகவே நின்றிருக்கலாம், எனவே ரெய்டு-1க்கு மாற்றும் பாலன்ஸ் கட்டளையைச் சாஃப்ட் விருப்பத்தோடு (ஏற்கெனவே ரெய்டு-1 ஆனதைத் தொடாமல்) ஓட்டி முடிக்க வேண்டும்.

எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை, லக்ஸுக்காகக் குறியாக்கம் செய்யும் கர்னல் பகுதியான டிஎம்-கிரிப்ட் இயல்பாகக் கீழே அனுப்பாது. அனுமதித்தால் எந்தெந்தப் பகுதி காலி என்பது டிஸ்க்கை எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். சாதாரண லேப்டாப்புக்கு அந்த அளவு கசிவு பரவாயில்லை, அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. காலி இடம் எவ்வளவு என்பதே ரகசியம் என்றால் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரஷன் பற்றிக் கவலை வேண்டாம், ஃபைல் சிஸ்டம் மேலே இருப்பதால் சுருக்கிய பிறகுதான் குறியாக்கம் நடக்கிறது.

செக்சம் வைத்துச் சரிபார்க்கும் இன்னொரு ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் விஷயம் வேறு. 2019இல் வந்த 0.8 பதிப்பு முதல் குறியாக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது, டேட்டாசெட் (தனித்தனி அமைப்புகளுடன் பிரித்த ஃபைல் சிஸ்டம்) வாரியாக. சாவி ஏற்றாமலே ஸ்கிரப் (எல்லாப் பிளாக்குகளையும் படித்துச் சரிபார்ப்பது) ஓடும். ரா செண்ட் மூலம் குறியாக்கத்தைப் பிரிக்காமலே பேக்கப் அனுப்பலாம்; வாங்கும் மெஷினுக்குச் சாவி தேவையே இல்லை. நம்பிக்கையில்லாத இடத்தில் பேக்கப் வைப்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் டேட்டாசெட் பெயர், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) பெயர், ப்ராப்பர்ட்டிகள், பிடித்துள்ள இடம் எல்லாம் வெளியே தெரியும். ஸ்னாப்ஷாட்டுக்கு வாடிக்கையாளர் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இசட்எஃப்எஸ்ஸுக்கும் கீழே லக்ஸ் போடுங்கள். இருக்கிற டேட்டாசெட்டில் குறியாக்கத்தைப் பிறகு இயக்க முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்கு நகர்த்தி, பழையதையும் அதன் ஸ்னாப்ஷாட்டுகளையும் அழிக்க வேண்டும்.